பலாப்பழத்தோட ராயபுரம் பார்த்த நாள்

பேரு பகலவன். வயசு இருபத்தி மூணு. இருக்கிறது திருவொத்தியூரு தேரடிக்குப் பின்னாடி ஒரு மாடி ரூம்புல, கூட அஞ்சு பசங்க. எண்ணூரு பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல வேலை. பெட்டிக்குப் போட்ட சீலு அறுபடாம இருக்கான்னு பாத்து உள்ள விடணும், அவ்ளோதான். சொந்த ஊரு பண்ருட்டிக்குப் பக்கம். பூட்டுன கதவ ரெண்டாவது தடவ வந்து இழுத்துப் பாக்குற ஆளு அவன்.

இப்போ அவங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல ஒரு கல்யாண போட்டோ சுத்திக்கிட்டு இருக்கு. ராயபுரம் ராயப்பர் கோயில் படிக்கட்டு மேல மாப்பிள்ளையும் பொண்ணும் நிக்கிறாங்க. மாப்பிள்ளைக்குப் பக்கத்துல, தோள்ல ஒரு முழு பலாப்பழத்தோட நிக்கிறது பகலவனோட அப்பா சுப்புராயன். "யாரு வீட்டுக் கல்யாணம்டா இது, எங்களுக்கு ஏன் பத்திரிகை வைக்கல?"ன்னு சித்தப்பா கேட்டாரு. அத்தை கோச்சுக்கிட்டு குரூப்ப விட்டே வெளிய போயிட்டாங்க. அதனால நடந்தத நடந்தபடி சொல்லித்தான் ஆவணும்.

பகலவனோட தங்கச்சி எழில்மொழிக்கு ராயபுரத்துல நர்சிங் படிக்க எடம் கெடச்சிடுச்சு. திங்கக்கெழம சேரணும். ஹாஸ்டலும் உண்டு. அம்மா பூவம்மாவுக்கு முழு சம்மதம். எழிலு ஒரு நீலப் பையில துணிமணிய மடிச்சு வெச்சு, ஜிப்ப இழுத்து மூடிட்டா. அப்பாவுக்குத்தான் மனசு வரல. காரணம் டிவி. அவர் பாத்த படத்துல எல்லாம் வடசென்னைன்னா முதுகுல இருந்து ஒருத்தன் அருவாள உருவுறான், இன்னொருத்தன் சந்துக்குள்ள ஓடுறான்.

"சனிக்கெழம வர்றேன்"னு போன்ல சொன்னாரு. "ஊர ஒரு நாள் சுத்திக் காட்டு. சாயங்காலம் ரயில் ஏறுறதுக்குள்ள எனக்கு மனசு ஒத்துக்கிச்சுன்னா அந்தப் பை அங்க இருக்கும். இல்லன்னா பையும் பொண்ணும் என்னோட திரும்பி வந்துடும்."

பகலவனுக்கு அன்னையில இருந்து சோறு எறங்கல. யோசிச்சு யோசிச்சு ஒரு வழி கண்டுபுடிச்சான். அப்பாவுக்குப் பழைய கட்டடம்னா உயிரு. எந்த ஊருக்குப் போனாலும் கோயில் சுவத்த தடவிப் பாத்துட்டுத்தான் சாமியவே கும்பிடுவாரு. சோழர் காலத்துக் கோயிலு, தென்னிந்தியாவுலயே மொதமொத வந்த ரயில் ஸ்டேஷனு, படகுக்காரங்க கட்டுன சர்ச்சு, இதெல்லாம் வரிசையா காட்டிட்டா அருவா தானா மறந்து போயிடும்னு கணக்கு. ஒரு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு பேசிப் பாத்துக்கிட்டான்.

ஆட்டோவுக்கு சிலுவைமுத்துவ புடிச்சிருந்தான். காசிமேட்டுக்காரரு, யார்டுக்கு ஆளுங்கள ஏத்திக்கிட்டு வர்றவரு.

"அண்ணே, ஒண்ணே ஒண்ணு. எங்கப்பா முன்னாடி சண்டை, தகராறு, அந்த மாதிரி கதை எதுவும் வேணாம்."

"இன்னா நைனா நீ? நான் இன்னாத்துக்கு சொல்லப் போறேன்? டென்சன் ஆவாம வா. ஷோக்கா சுத்திக் காட்டுறேன்."

சனிக்கெழம காலையில அம்மாவையும் எழிலையும் கூட்டிக்கிட்டு அப்பா வந்து எறங்குனாரு. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோள்ல பலாப்பழம். நம்ம தோட்டத்துப் பழம், ரூம்பு ஓனருக்குன்னு கொண்டாந்தது. ஓனர் வீட்டுல பூட்டு தொங்குது, குடும்பத்தோட திருத்தணிக்குப் போயிருக்காரு.

"ரூம்புல வெச்சுட்டுப் போலாம்பா"ன்னான் பகலவன்.

"அஞ்சு பசங்க இருக்கிற ரூம்புல பழுத்த பழத்த வெச்சா, திரும்பி வர்றப்ப கொட்டையாவது மிஞ்சுமா?"

"அப்போ ஆட்டோவுல..."

"ஆட்டோவுல விட்டுட்டுப் போறதா? எந்த ஊர்லடா நிக்கிறோம்? வடசென்னை! பழமும் பையும் என் கையில இருக்கட்டும்."

அப்படித்தான் சுப்புராயன் ஒரு தோள்ல பலாப்பழமும் இன்னொரு தோள்ல பொண்ணோட நீலப் பையுமா ஊர் பாக்கக் கெளம்புனாரு. ஆட்டோ முழுக்க பழ வாசனை.

"நைனா, இந்த வாசனைல வண்டி தானா பண்ருட்டிக்குத் திரும்பிடும் போலகீது"ன்னாரு சிலுவைமுத்து. எழிலு சிரிச்சா. அப்பா சிரிக்கல.

மொதல்ல திருவொத்தியூரு கோயிலு. வாசல்ல பூக்கார அம்மா, "பழத்த இங்க வெச்சுட்டுப் போ நைனா, நான் பாத்துக்கறேன்"ன்னாங்க. அப்பா அவங்கள ஏற எறங்கப் பாத்துட்டு, பழத்த இன்னும் கொஞ்சம் இறுக்கிப் புடிச்சுக்கிட்டாரு. பலாப்பழமும் சேந்து பிரகாரம் சுத்துச்சு.

கருவறைக்குப் பின்பக்கம் வந்ததும் பகலவன் நின்னான். இங்கதான் பேசணும். யானை படுத்திருந்தா முதுகு எப்படி வளைஞ்சிருக்குமோ அப்படி வளைச்சுக் கட்டியிருக்காங்க பாருங்கன்னு ஆரம்பிச்சு, கல்வெட்டுல முடிக்கணும். வாய தொறந்தான்.

"அப்பா, இது... பழசு."

"எவ்ளோ பழசுண்ணா?"ன்னு எழிலு வேணும்னே கேட்டா.

"ரொம்ப பழசு."

ஆனா அப்பாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதா இல்ல. வளைஞ்ச சுவத்தையே பாத்துக்கிட்டு நின்னாரு. கல்லுல வெட்டியிருந்த எழுத்து மேல வெரல் படாம, காத்துல தடவுற மாதிரி கைய ஓட்டுனாரு. "என்னா கைடா இது, அம்மாம் பெரிய கல்ல களிமண்ணு மாதிரி வளைச்சிருக்கான்"னாரு. அம்மா அம்பாள் சன்னதியில கண்ண மூடிக்கிட்டு பத்து நிமிஷம் நின்னாங்க. என்ன வேண்டுனாங்கன்னு அந்த நீலப் பைக்கே தெரியும்.

வெளிய வந்ததும் எழிலு அண்ணன் காதுல சொன்னா: "உன் மூஞ்சியில வேர்வை ஊத்துதுண்ணா. அப்பாவுக்கு ஊரப் பாத்து பயம் வரல, உன்னப் பாத்துத்தான் வருது. தொடச்சுக்கோ."

டோல்கேட் கிட்ட கன்டெய்னர் லாரிங்க வரிசை கட்டி நின்னுச்சு. ஆட்டோ நகரல. சும்மா இருக்க முடியாம சிலுவைமுத்து ஒரு டீக்கடைய காட்டுனாரு.

"இந்தக் கடை கீது பாரு நைனா, இங்கதான் என் மச்சானுக்கு முன்பல்லு ரெண்டு போச்சு. ஒரே ரத்தம்!"

முன்னாடி பக்கத்துல உக்காந்திருந்த பகலவன் அவரு தொடையில கிள்ளுனான். பின்னாடி இருந்து அப்பாவோட குரலு, மெதுவா: "எப்படிப்பா போச்சு?"

"முறுக்கு கடிச்சான் நைனா. முந்தின வாரத்து முறுக்கு. கல்லு தோத்துச்சு போ."

அம்மா வாய்விட்டு சிரிச்சாங்க. அப்பாவோட மீசை லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. கண்ணாடியில பாத்த பகலவனுக்கு அது சிரிப்பா, இருமலான்னு புரியல.

ராயபுரம் ஸ்டேஷன்ல அந்த செவப்புக் கட்டடத்தையும் வெள்ளைத் தூணுங்களையும் பாத்ததும் அப்பா வேகமா முன்னாடி போயிட்டாரு. ஒரு தூணை ஒத்தக் கையால கட்டிப் புடிச்சு சுத்தளவு பாத்தாரு. இன்னொரு கை பழத்துக்கு.

"மொத ரயில் இங்க இருந்துதான் கெளம்புச்சாம்பா. வாலாஜா வரைக்கும்"னான் பகலவன். இந்தத் தடவ வாய்க்கு வந்துடுச்சு.

அந்தப் பக்கமா போன ஒரு ரயில்வே ஊழியர் நின்னு, "பெரியவரே, பார்சல் போடணுமா? இங்க இல்ல, சென்ட்ரல் போவணும்"னாரு.

"பாத்தியாடா, எல்லாரும் பழத்தையே பாக்குறானுங்க"ன்னாரு அப்பா.

"ஏங்க, தோள்ல பலாப்பழத்தோட நின்னா பண்ருட்டி சந்தையிலயே திரும்பிப் பாப்பான், இவன் பாக்க மாட்டானா?"ன்னாங்க அம்மா.

ராயப்பர் கோயிலுக்கு, அதான் படகுக்காரங்க கட்டுன அந்த சர்ச்சுக்கு, வந்தப்ப வெயில் ஏறிடுச்சு. வாசல் முழுக்க பூமாலை, கார், பட்டுப்புடவை. உள்ள ஏதோ கல்யாணம். சிலுவைமுத்து வண்டி நிறுத்த எடம் தேடி தெருமுனை வரைக்கும் போயிட்டாரு. அம்மாவுக்கு தாகம். "இங்கயே நில்லுங்க, எங்கயும் போவாதீங்க"ன்னு சொல்லிட்டு பகலவன் சர்பத் வாங்க ஓடுனான். ஓடுறப்பவும் ரெண்டு தடவ திரும்பிப் பாத்தான். மூணு பேரும் வாசல்ல இருந்தாங்க.

சர்பத்தோட திரும்பி வந்தா யாரையும் காணோம்.

எழிலுக்குப் போன் அடிச்சான். அடிச்சு அடிச்சு நின்னுச்சு. அப்பாவுக்கு அடிச்சான், எடுக்கல. தெருவோட இந்த முனைக்கு ஓடுனான், அந்த முனைக்கு ஓடுனான். பிளாஸ்டிக் கப்புல இருந்த சர்பத் பாதி சட்டையில. இந்த ஊர்ல ரெண்டு வருஷமா இருக்கான், ஒருத்தன் அவன ஒரு வார்த்தை தப்பா பேசுனது இல்ல. அப்படி இருந்தும் அப்பா பாத்த படமெல்லாம் அவன் கண்ணு முன்னாடி ஓட ஆரம்பிச்சிடுச்சு.

மெழுகுவத்தி விக்கிற அம்மாகிட்ட போயி மூச்சு வாங்க நின்னான். "அம்மா, பலாப்பழத்தோட ஒருத்தரு..."

"அதோ, போட்டோ புடிச்சிகினு கீறாரு பாரு."

பகலவன் திரும்பிப் பாத்தான். கோயில் படிக்கட்டு மேல மாப்பிள்ளை, பொண்ணு. அவங்களச் சுத்தி ஒரு கூட்டம். பொண்ணுக்குப் பக்கத்துல அம்மா, தலையில புதுசா ரெண்டு முழம் மல்லி. எழிலும் மல்லி வெச்சிருந்தா. மாப்பிள்ளைக்குப் பக்கத்துல அப்பா. அவர் பழத்த கீழ எறக்கப் போனப்ப போட்டோகிராபர், "பழத்தோடயே நில்லு நைனா, லுக்கா கீது!"ன்னு கத்துனாரு.

நடந்தது இதுதான். பொண்ணு பேரு ஜூடி. மாப்பிள்ளை ஆன்றோ, தூத்துக்குடி பக்கத்துக்காரரு. ஊர்ல இருந்து மாப்பிள்ளையோட சொந்தக்காரங்க வந்த வேன் ஒண்ணு லாரி நெரிசல்ல மாட்டிக்கிச்சு. ஜூடியோட பெரியம்மா வியாகுலம்மாள் அவங்களுக்காக வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருக்காங்க. பையும் பழமும் வெள்ளை வேட்டியுமா வெயில்ல நிக்கிற ஊர்க்காரங்களப் பாத்ததும் அவங்க ஒண்ணும் கேக்கல.

"ஐய, இன்னா மா வெயில்ல நின்னுகினு கீறீங்க! உள்ள வாங்க, போட்டோ எடுத்துகினு கீறாங்க, நீங்க இல்லாம எப்படி!"ன்னு அம்மா கையப் புடிச்சு இழுத்தாங்க. கல்யாணத்துக்கு ஒருத்தங்க கையப் புடிச்சுக் கூப்புட்டா, யாரு கல்யாணம்னு கேக்குறது நம்ம ஊரு பழக்கமா? மூணு பேரும் போயிட்டாங்க. மகனுக்குத் தெரிஞ்ச வீடு போலன்னு அப்பா நெனச்சுக்கிட்டாரு. மாப்பிள்ளை ஆன்றோ, இவங்க பொண்ணு வீட்டு ஆளுங்க போலன்னு நெனச்சு கும்புடு போட்டாரு.

பகலவன் கூட்டத்த வெலக்கிக்கிட்டு ஓடி, "அப்பா, இது..."ன்னான்.

"வந்துட்டியா? உன் ஆளுங்க நல்ல மரியாதை தெரிஞ்சவங்கடா"ன்னாரு அப்பா. உண்மைய சொன்னா அப்பா இத்தன பேரு முன்னாடி தலை குனியணும். சொல்லலன்னா எந்த நிமிஷமும் மாட்டலாம். வியாகுலம்மாள் அதுக்குள்ள அவன் தோளையும் புடிச்சு பக்கத்து மண்டபத்துக்குள்ள தள்ளிட்டாங்க. மட்டன் பிரியாணி, கத்திரிக்கா தொக்கு, பிரெட் அல்வா. அம்மா ரெண்டாவது தடவ அல்வா வாங்குனாங்க. எழிலு வேணாம் வேணாம்னு சொல்லிக்கிட்டே தட்ட நீட்டுனா. பகலவன் மட்டும் ஒவ்வொரு வாய்க்கும் வாசல் பக்கம் பாத்தான்.

சாப்ட்டு கை கழுவிட்டு அப்பா பலாப்பழத்த மண்டபத்து நடுவுல ஒரு மேசை மேல வெச்சாரு. கல்யாண வீட்டுக்கு வெறுங்கையோட வந்து சாப்புட்டுப் போறதுக்கு அவருக்கு மனசு வரல. சட்டைக் கைய மடிச்சு விட்டுக்கிட்டு வியாகுலம்மாளப் பாத்து சத்தமா கேட்டாரு:

"அம்மா, ஒரு அருவா கெடைக்குமா?"

தண்ணி ஊத்திக்கிட்டு இருந்த பையன் கை அப்படியே நின்னுச்சு. வியாகுலம்மாள் நெஞ்சுல சிலுவை போட்டுக்கிட்டாங்க.

"இன்னா நைனா கேட்டே?"

"அருவா. பெருசா இருந்தா நல்லது."

"யாரு மேல கோவம் நைனா? பிரியாணில கறி கம்மியா கீதா? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்!" அவங்க பின்னாடி ஒரு அடி வெச்சுட்டு, பக்கத்துல இருந்தவங்ககிட்ட சொன்னாங்க: "நான் அப்பவே ஜூடி அம்மாகிட்ட சொன்னேன், தெக்கத்தி ஊராளுங்கன்னா அருவா இல்லாம இருக்க மாட்டாங்கன்னு. எத்தினி படத்துல பாத்துகீறேன்!"

அப்பா அவங்கள பாத்தாரு. தன் கைய பாத்தாரு. பழத்த பாத்தாரு. பகலவனுக்கு அந்த மூஞ்சிய படிக்கத் தெரியல. அப்புறம் அப்பாவோட தொப்பை குலுங்க ஆரம்பிச்சுது. சிரிச்சாரு, கண்ணுல தண்ணி வர்ற அளவுக்கு சிரிச்சாரு. அவர் அப்படி சிரிச்சத பகலவன் பாத்து வருஷக்கணக்கு ஆவுது.

"பழம் அறுக்கம்மா! பலாப்பழம் அறுக்க!"

மண்டபமே வெடிச்சு சிரிச்சுது. "சீ, சொல்லிட்டு கேக்கறதில்ல? பேஜாரா பூட்சு எனக்கு!"ன்னு வியாகுலம்மாள் அப்பா முதுகுல ஒண்ணு வெச்சாங்க.

அப்புறம் அருவா தேடுனாங்க. மண்டபத்துல இல்ல. கோயில் ஆபீஸ்ல இல்ல. வெளிய நின்ன அத்தன கார்லயும் இல்ல. "வூட்ல மீன் அறுக்குற அருவாமனை கீது, கல்யாணத்துக்கு எவ எடுத்துகினு வருவா?"ன்னு ஒரு அம்மா கேட்டாங்க. சிலுவைமுத்து தெருமுனை வரைக்கும் விசாரிச்சுட்டு வந்து, "நைனா, ராயபுரம் பூரா கேட்டுட்டேன், ஒரு அருவா சிக்கல"ன்னு கைய விரிச்சாரு. அத கேட்டு அப்பாவுக்கு மறுபடியும் சிரிப்பு.

கடைசியில பிரியாணி மாஸ்டரோட வெங்காயக் கத்தி வந்துச்சு. கையில எண்ணெய தடவிக்கிட்டு அப்பா அந்தக் குட்டிக் கத்தியாலயே பழத்த பொளந்தாரு. மஞ்ச மஞ்சளா சொளை. கொழந்தைங்க வரிசை கட்டுச்சு. பொண்ணு ஜூடி வெள்ளை கவுனோட வந்து நிக்க, பாலு பட்டுடும்னு அம்மா அவ வாயிலேயே ரெண்டு சொளைய ஊட்டி விட்டாங்க.

அப்போதான் வேன் வந்துச்சு. உண்மையான தூத்துக்குடிக்காரங்க, பொட்டியும் மூட்டையுமா.

வியாகுலம்மாள் அவங்களயும் பாத்தாங்க, அப்பாவயும் பாத்தாங்க. மாப்பிள்ளையோட அப்பா யேசுதாஸ்கிட்ட போயி, "சம்மந்தி, அப்போ இவங்க யாரு?"ன்னாங்க.

"உங்க ஆளுங்க இல்லையா? பழம் எல்லாம் அறுக்காரே, உரிமையோட!"

எல்லாரும் திரும்பி பகலவனப் பாத்தாங்க. அவன் எழுந்து நின்னான். "நாங்க... கோயில் பாக்க வந்தவங்கம்மா. அப்பாவுக்குத் தெரியாது. என் தப்புதான், நான் அப்பவே சொல்லியிருக்கணும். மன்னிச்சிடுங்க."

அப்பா கையில சொளையோட அப்படியே நின்னாரு. காது ரெண்டும் செவந்து போச்சு.

வியாகுலம்மாள் இடுப்புல கைய வெச்சாங்க. "இன்னா தப்பு? இழுத்துகினு வந்தது நானு. சாப்ட்டது நீங்க. பழத்த துன்னது நாங்க. யாருக்கு இன்னா நட்டம்?" அப்பா பக்கம் திரும்புனாங்க. "நைனா, அந்தப் பக்கத்து சொளைய எடு, வேன்ல வந்தவங்களுக்கும் குடு. இன்னாத்துக்கு நின்னுகினு கீறே?"

அதுக்கப்புறம் கொஞ்ச நேரம்னு நெனச்சது மதியம் போயி சாயங்காலம் ஆயிடுச்சு. அம்மாவும் வியாகுலம்மாளும் ஒரு மூலையில குந்திக்கிட்டு ரெண்டு ஊரு கதையும் பேசித் தீத்தாங்க. எழிலு ஜூடியோட தங்கச்சிங்க கூட டான்ஸ் ஆடுனா. அப்பா யேசுதாஸ்கிட்ட கொட்டைய வறுக்குறது எப்படின்னு சொல்லிக் குடுத்தாரு.

அப்பாவ ரயில் ஏத்த எழும்பூருக்குப் போறப்ப, கடல காட்டணும்னு சிலுவைமுத்து காசிமேடு பக்கமா சுத்திக்கிட்டுப் போனாரு, படகுங்க வரிசையா ஆடிக்கிட்டு நின்னுச்சு. பகலவனுக்கு அதெல்லாம் கண்ணுல படல. சீட்டுக்கு அடியில பாத்தான், பின்னாடி பாத்தான். நீலப் பைய காணோம்.

"அண்ணே, நிறுத்துங்க! பை! எழிலு பை மண்டபத்துலயே போச்சு!"

இவ்ளோ தூரம் வந்து, கடைசியில பை தொலைஞ்ச ஊருன்னு ஆயிடுச்சுன்னா? சிலுவைமுத்து பிரேக் போடப் போனாரு.

"நீ ஓட்டுப்பா"ன்னாரு அப்பா.

"அப்பா, பை..."

"தொலையல. நான்தான் குடுத்துட்டு வந்தேன், அந்த வியாகுலம்மாகிட்ட. அவங்க வீட்டு மாடி காலியா இருக்காம். உங்கம்மாவும் எழிலும் திங்கக்கெழம வரைக்கும் அங்க தங்கட்டும். ஹாஸ்டலுக்கு அவங்களே கூட வந்து விடுறாங்களாம். மாட்டுக்குத் தண்ணி காட்ட ஆளு இல்ல, அதனால நான் மட்டும் கெளம்புறேன்."

பகலவன் திரும்பி அம்மாவ பாத்தான், எழில பாத்தான். ரெண்டு பேரும் வெளிய கடல பாக்குற மாதிரி மூஞ்சிய திருப்பிக்கிட்டு சிரிப்ப அடக்கிக்கிட்டு இருந்தாங்க. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, அவனத் தவிர.

காலையில இருந்து பழத்த ஒருத்தர்கிட்டயும் குடுக்காத மனுஷன், பொண்ணோட பைய குடுத்துட்டு கைய வீசிக்கிட்டு உக்காந்திருந்தாரு. டோல்கேட்டு டீக்கடை கதை திடீர்னு ஞாபகம் வந்து, "ஏம்பா சிலுவைமுத்து, முறுக்கு கடிச்சா ரெண்டு பல்லா போவும்?"னு கேட்டு தனியா சிரிச்சாரு.

வியாகுலம்மாள்தான் அந்தப் போட்டோவ அப்பாவுக்கு அனுப்பி வெச்சாங்க. அப்பா அதத்தான் ஒரு வார்த்தையும் எழுதாம குரூப்புல போட்டாரு. எழிலு இப்போ ஹாஸ்டல்ல நல்லா இருக்கா. ஞாயித்துக்கெழம ஆனா ராயபுரத்துல அவளுக்கு மீன்கொழம்பு. பகலவனுக்கு சோறு எறங்குது. எண்ணூரு பஸ்ஸுல சன்னலோரம் உக்காந்து, வாய்க்கிட்ட போனை வெச்சு இவ்ளோத்தையும் பேசியே டைப் பண்ணி முடிச்சிட்டான். அதனால சித்தப்பா, யாராவது அனுப்பிக் காட்டுனா அத்தை, இத யாரு படிச்சாலும் சரி: பத்திரிகை வைக்காத கோவத்த விட்டுடுங்க. அடுத்து யாராவது சென்னைக்கு வர்றதா இருந்தா, வியாகுலம்மா வீட்டுக்கு நல்லா பழுத்த பலாப்பழம் ஒண்ணு கொண்டாங்க. சாக்குல சுத்தி ஒரு அருவாளும் சேத்து எடுத்துட்டு வாங்க, இங்க கெடைக்கல.